குப்பையா, உயரமா? கொடைக்கானலில் ஸ்லோ நிற்காத வண்டி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் வேலை காரணமாக அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறைக்குக் குடிவந்தவர். வண்டி 2014 மாடல், 100 சிசி, கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது சோக் (கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் விசை) போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தால் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காத ஓட்டத்தில், நிற்காமல் அணைந்துவிடுகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. ஏற்றத்தில் கீழே இருந்த இழுவை இல்லை. ஒரு மெக்கானிக் “மலைக்கு வந்தால் மெயின் ஜெட் நம்பரைக் குறைக்கணும்” என்றாராம். இன்னொருவர் “ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தினால் போதும்” என்றாராம். ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சின்னப் பித்தளைச் சாமான். யார் பேச்சைக் கேட்பது, வீட்டிலேயே செய்யலாமா என்கிறார்.

இரண்டு மெக்கானிக்குகளும் சொன்னது இரண்டு வேறு வியாதிக்கான மருந்து. அதனால் முதலில் தெரிய வேண்டியது, உங்கள் வண்டிக்கு வந்திருப்பது குப்பையா, உயரமா என்பதுதான். மலையில் பல வருஷமாகக் கார்ப்பரேட்டர் வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் நல்ல ஜெட்டைக் கெடுக்கிறார்கள். இத்தனைக்கும் பிரித்துப் பார்ப்பது சுலபம். உயரம் கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிடும். அடைப்பு பெட்ரோலைக் குறைத்துவிடும். இரண்டும் நேர் எதிர்.

ஏன் என்று பார்த்துவிடுவோம். கார்ப்பரேட்டருக்குள் காற்று ஓடும் குழாய் நடுவில் குறுகும். அந்தக் குறுகலில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். கீழே ஃப்ளோட் (மிதவை) கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மீது வெளிக்காற்றின் அழுத்தம் உட்கார்ந்திருக்கிறது. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் துளை வழியாக மேலே தள்ளுகிறது. எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்வது துளையின் அளவு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், வத்தலக்குண்டு 300 சொச்சம். மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குக் காற்றழுத்தக் குறைவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றின் கன அளவு அதேதான், ஆனால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலும் அதே அளவு குறைந்திருந்தால் தொல்லையில்லை. ஆனால் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் பத்தில் ஒரு பங்குதான் குறையும், காரணம் அது அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுகிறது. ஆக, மேலே கலவை பத்து சதவீதம் போல ரிச், அதாவது பெட்ரோல் கூடியதாக, ஆகிறது. ஸ்லோவிலிருந்து ஃபுல் ஆக்சிலேட்டர் வரை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடைப்பு அப்படியில்லை. எந்தத் துளை அடைத்ததோ அந்த இடத்தில் மட்டும் வண்டி கெடும். ஸ்லோவிலிருந்து ஆக்சிலேட்டர் கால்வாசி திரும்பும் வரை பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். ஸ்லோ ஜெட் என்பதும் அதுவே. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடில் பார்த்துக்கொள்ளும்; ஆக்சிலேட்டரைத் திருப்ப ஏறி இறங்கும் ஸ்லைடு என்ற அடைப்பானில் தொங்கும் ஊசி அது. அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ராஜ்ஜியம். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும், கோடு போட்டுப் பிரித்தாற்போல இருக்காது. ஆனாலும் ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். தடுமாற்றம் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்தால், எதைக் கழற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு டேப்கூட வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, தடுமாறும் அந்த நிலையில் சோக்கைப் பாதி இழுங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் பற்றாக்குறை, அதாவது அடைப்பு அல்லது வேறெங்கோ காற்று உள்ளே நுழைகிறது. இன்னும் மோசமாகி மூச்சு முட்டினால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். அப்போது உயரம், அழுக்கேறிய ஏர் ஃபில்டர், ஓவர் ஃப்ளோ ஆகும் ஃப்ளோட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். உங்கள் வண்டி சோக்கில்தான் உயிரோடு இருக்கிறது. அது போதும் எனக்கு. ஸ்லோ நிற்காததற்கும் வெடிப்பதற்கும் உயரம் காரணமில்லை. இரண்டு மாதம் நின்றதில் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். சைலன்சரில் வெடித்தால் பெட்ரோல் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது வேலை செய்வது பைலட் ஜெட் மட்டுமே. அது பாதி அடைத்திருந்தால் கலவை மெலிந்து சிலிண்டருக்குள் சரியாக எரியாமல் போய், சைலன்சரில் சூடான இடத்தில் எரிகிறது. சைலன்சர் மூட்டில் காஸ்கெட் விட்டிருந்தாலும் அதே சத்தம் வரும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஏற்றத்தில் இழுவை இல்லை என்பது தனிக்கதை, அதற்கு உயரம்தான் பொறுப்பு. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பவரும் ஏறத்தாழ அதே அளவு குறையும். எட்டு குதிரைச் சக்தி வண்டி இங்கே ஆறரைதான் கொடுக்கும். எந்த ஜெட் போட்டாலும் அது திரும்ப வராது. கீழே மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்தை இங்கே இரண்டாவதில் ஏறுங்கள், அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்ததிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகளில் கார்ப்பரேட்டருக்குப் பதில் ஃப்யூல் இஞ்செக்‌ஷன் இருப்பதால், சென்சார் பார்த்து அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அவற்றுக்கும் பவர் குறையத்தான் செய்யும்.

அப்படியென்றால் மெயின் ஜெட்டைக் குறைக்க வேண்டுமா? உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மைலேஜுக்காக விற்கும் 100 சிசி வண்டிகளைக் கொஞ்சம் மெலிந்த கலவையில்தான் செட் பண்ணி அனுப்புகிறார்கள். பத்து சதவீதம் ரிச் ஆனால் அது நல்ல பவர் தரும் கலவைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். அதோடு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலப்புக்குப் பதின்மூன்றரை போதும். அதாவது பழைய ஜெட்டோடு இதை ஊற்றினால் கலவை தானாக மெலிகிறது. உயரம் கூட்டுகிறது, எத்தனால் குறைக்கிறது. மலையில் குடியிருக்கும் பழைய வண்டிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. கீழே இருக்கிறவர்களுக்குத்தான் எத்தனால் தலைவலி.

விதிவிலக்கு உண்டு. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக், பழைய புல்லட், கீழேயே பிளக் கருத்துப்போகிற அளவுக்கு ரிச்சாக ஓடிய வண்டி ஆகியவற்றை மலையிலேயே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், மெயின் ஜெட்டை ஒன்றோ இரண்டோ நம்பர் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதே ஜெட்டோடு வத்தலக்குண்டுக்கு இறங்கி மதுரை ரோட்டில் ஃபுல்லாக முறுக்கினால், கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் நிஜமானது. வாரம் ஒருமுறை ஊருக்கு இறங்குகிறவர்கள் ஜெட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. இன்னொன்று, ஜெட்டில் அடித்திருக்கும் நம்பர் ஒரு கம்பெனிக்குத் துளையின் விட்டம், இன்னொரு கம்பெனிக்கு அது வழியாகப் போகும் பெட்ரோலின் அளவு. ஒரு கம்பெனியின் 100-ம் இன்னொன்றின் 100-ம் ஒன்றில்லை. கடையில் நம்பரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், பழைய ஜெட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். வீட்டிலேயே செய்யலாம், ஆனால் வீட்டுக்குள் செய்யாதீர்கள். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஓரத்தில் கணப்பு எரிய, உட்கார்ந்து கார்ப்பரேட்டர் கழற்றுகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். வெயில் வந்த பிறகு வாசலில் உட்காருங்கள்.

டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் திருகை (காக்) மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் குண்டு குண்டாகத் தண்ணீரோ, தனி அடுக்கோ, துருத் தூளோ நின்றால் கோளாறு கார்ப்பரேட்டரோடு முடியவில்லை, டேங்கிலும் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஜெட்டுகள் பெட்ரோலை எடுப்பதும் அடியிலிருந்துதான். மலைக் கிராமங்களில் பங்க் தூரம் என்பதால் பாட்டிலில் வாங்கி ஊற்றுவது வழக்கம். அந்த பாட்டில் கழுவிக் காயாததாக இருந்தாலே போதும், இந்த வேலை நடந்துவிடும். தண்ணீர் இல்லாமல் வார்னிஷ் வாடையடித்தால், நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகியிருக்கிறது. உங்கள் வண்டியில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

கிண்ணத்தைக் கழற்றும் முன் ட்யூப்கள் எது எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் காற்று போய்வர ஒரு சின்ன ட்யூப் வெளியே தொங்கும். குளவி மண் வைத்து அடைத்திருந்தால், மேலே சொன்ன வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலுக்குக் கிடைக்காது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். ஜெட்டைக் குறை சொல்லும் முன் அதை ஊதிப் பாருங்கள். ஃப்ளோட்டைத் தாங்கும் சின்னத் தகட்டை வளைக்காதீர்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறி, எல்லா ஜெட்டும் தப்பாக வேலை செய்வதுபோல் தெரியும்.

பைலட் ஜெட் உள்ளே ஆழத்தில், மெல்லிய வெட்டுத் தலையோடு இருக்கும். பித்தளை என்பதால் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலை வழிந்துபோகும், பிறகு எடுப்பது பெரும்பாடு. வெட்டு முழுவதும் நிறையும் டிரைவரை வைத்து, அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். சில கார்ப்பரேட்டர்களில் பைலட் ஜெட் அழுத்திப் பதித்திருப்பார்கள். தலையில் வெட்டு இல்லையென்றால் அது கழற்றுவதற்கில்லை. எடுத்த ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சுத்தமான துளை ஊசிமுனை அளவில் முழு வட்ட வெளிச்சமாகத் தெரியும். பிறை மாதிரித் தெரிந்தாலோ, விளிம்பு பழுப்பாக மங்கியிருந்தாலோ பிசின் இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும் ஜெட்டாக இருந்தால் அவையும் திறந்திருக்க வேண்டும்.

இப்போது கம்பி விவகாரம். சிறிய வண்டிகளின் பைலட் ஜெட் துளை 0.35, 0.40 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 0.35 இருந்த துளையை ஸ்டீல் கம்பியோ குண்டூசியோ விட்டுக் குடைந்து 0.38 ஆக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடியது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் துளையின் பரப்பு 18 சதவீதம் கூடிவிட்டது. இந்த மலை ஏற்றியதைவிட அதிகமாக நீங்களே ரிச் ஆக்கிவிட்டீர்கள், திரும்பக் குறைக்க வழியும் இல்லை. அதனால் வரிசை இதுதான். முதலில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து அரைமணி ஊறவிடுங்கள், பிறகு மறுபடி அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மின்சார ஒயரின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை எடுத்து மெதுவாக விடலாம். அந்த இழை பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர்தான், செம்பு பித்தளையைவிட மிருது. நைலான் பிரஷ் இழையும் ஆகும். குத்துவிளக்கு தேய்க்கும் புளித்தண்ணீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஜெட்டை ராத்திரி முழுக்க ஊறப்போடுகிற பழக்கம் உண்டு. பளபளப்பாக வரும்தான், ஆனால் அமிலம் அழுக்கோடு நிற்காமல் உலோகத்தையும் தின்னும். துளைதான் அளவுகோலாக இருக்கும் ஒரு பொருளை அதில் போட நான் துணியமாட்டேன். யாராவது ஏற்கெனவே கம்பி விட்டுக் குத்தியது தெரிந்தால் புது ஜெட் போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. வாயில் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். துளி பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

பலர் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள். ஜெட் சுத்தம், மாட்டினால் அதே கோளாறு. காரணம், அடைப்பு பாதி நேரம் ஜெட்டில் இருப்பதில்லை, அதற்கு அப்பால் கார்ப்பரேட்டர் உடம்புக்குள் ஓடும் பாதையில் இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் கலவையைச் சரிசெய்யும் திருகு) முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். பிறகு முழுவதும் கழற்றுங்கள். அதோடு ஒரு ஸ்பிரிங், மணல் அளவு வாஷர், ஒரு ரப்பர் ஓ ரிங் வரும். கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தால் பிழைத்தீர்கள். அந்த ஓட்டையில் ஸ்ப்ரேயின் குழலை வைத்து அடித்தால் பைலட் ஜெட் இருந்த இடத்திலிருந்தும், காற்றுக் குழாய்க்குள் எஞ்சின் பக்கம் ஸ்லைடு ஓரத்தில் உள்ள பொடித் துளைகளிலிருந்தும், ஃபில்டர் பக்கத் துளையிலிருந்தும் பீய்ச்சி வர வேண்டும். எந்தத் துளை வறண்டிருக்கிறதோ அங்கேதான் வியாதி. அதை விரலால் மூடாமல் மற்றவற்றை மூடிக்கொண்டு அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளை உங்கள் கண்ணைப் பார்க்கிறது என்று அடிக்கும் வரை தெரியாது. ரப்பர் சாமான் எதையும் கிளீனரில் நனைக்காதீர்கள், ஊதிப் பெருத்துவிடும்.

மாட்டிய பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டி வைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றிலிருந்து கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டு, ஸ்லோவைக் குறையுங்கள். ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருக பெட்ரோல் கூடும், ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகக் காற்று கூடும். இதைப் பூம்பாறையிலேயே செய்யுங்கள், கீழே செய்து கொண்டுவராதீர்கள். உயரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய சரிக்கட்டல் இந்தக் கால் சுற்றோடு முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்லோ நிற்கவில்லையென்றால் எழுத்தில் படித்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு விஷயங்கள் மிச்சம். ஒன்று, கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இணைப்பு விரிசல் விட்டுக் காற்று நுழைவது. பைலட் அடைப்புக்கும் இதற்கும் அறிகுறி ஒன்றேதான். வண்டி ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீர் ஸ்ப்ரே அடித்தால் எஞ்சின் சத்தம் மாறும். இன்னொன்று, வால்வு டைட்டாகிக் கம்ப்ரெஷன் குறைவது. இதற்கு வண்டியைத் தொட்டுப் பார்க்கும் ஆள்தான் வேண்டும்.

அடுத்த மழைக்கு வண்டியை நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி, பெட்ரோல் திருகை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, டிரெயின் ஸ்க்ரூவையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். அப்புறம் ஒன்று கேட்காமலே சொல்கிறேன். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க, கியரில் வைத்துக்கொண்டே சாவியை அணைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. கார்ப்பரேட்டர் வண்டியில் அதனால் சொட்டுக்கூட மிச்சமாகாது. எஞ்சின் சுற்றும் வரை பைலட் ஜெட் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அது எரியாமல் சைலன்சரில் போய்ச் சேரும். பத்து வளைவு தாண்டி சாவியைப் போடும்போது கிளம்பும் வெடிச் சத்தத்துக்கு ஜெட்டைக் குறை சொல்லிக்கொண்டு கடைக்கு வராதீர்கள்.